வெள்ளைக் கார் வந்தது, மகள் வரவில்லை

காலை பத்து இருபதுக்கு அந்த வெள்ளைக் கார், செஞ்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் சரோஜா மெஸ் வாசலில் வந்து நின்றது. அதன் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். ஒருமுறை கையைப் பார்த்துக்கொண்டேன். சரியாக இருந்தது. ஓட்டுநர் ஏழுமலை இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். பின் கதவு திறந்தது. முதலில் என் வயதுள்ள ஓர் அம்மா இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் இறங்கினாள். அப்புறம் யாரும் இறங்கவில்லை. குனிந்து காருக்குள் பார்த்தேன். சீட்டில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. என் மகள் மீனா இல்லை.

தப்பு அதற்கு முன்பே எங்கோ நடந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிய வந்தது பத்து இருபதுக்கு.

நான் விருதுநகர்க்காரன். மீனா ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். பழைய கட்டடங்களை அளந்து படம் போட்டுக் கொடுக்கிற நிறுவனம். செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்களையும் குளங்களையும் பார்க்க அவர்கள் குழு வருகிறது என்றும், மற்றவர்களுக்கு முன்னால் அவள் மட்டும் வந்து இடம் பார்த்துவைக்க வேண்டும் என்றும் சொன்னாள். வேலை முடிந்த கையோடு திரும்ப விமானம். விருதுநகர் வரை வந்துபோக நேரம் கிடையாது. அவள் வர முடியாவிட்டால் நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. ஆனால் முறுக்கும் காரச் சீவலும் ஒரு பெரிய டப்பா நிறைய வந்தன.

முதல் நாள் மதியம் விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்தில் செஞ்சிக்கு வந்தேன். ஊர் வருவதற்கு முன்பே பாறைகள் வந்துவிட்டன. எங்கள் பக்கம் மலை என்றால் மரமும் மண்ணும் இருக்கும். இங்கே யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல வெறும் பாறைக் குவியல். அதன் உச்சியில் கோட்டை. பேருந்தில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாட்ஜில் மேலாளரிடம் சென்னை விமான நிலையத்துக்குக் கார் வேண்டும் என்றேன். அவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சுற்றுவட்டாரத்துக் கார், வேன், ஆட்டோ எல்லாமே போய்விடுமாம். அமாவாசைக்கு வேறு எங்கோ போக வண்டி கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்றார். அப்புறம் ரொம்ப யோசித்து ஏழுமலையை வரவழைத்தார்.

ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். விடியற்காலையில் செஞ்சியிலிருந்து ஒரு குடும்பத்தை விமான நிலையத்தில் விடப் போகிறாராம். திரும்பும்போது மீனாவைக் கூட்டிவந்துவிடலாம். நானும் கூட வருகிறேன் என்றேன். போகும்போது கார் நிறைய ஆள் என்றார். இங்கே ஓட்டுநர்கள் வேலை செய்யும் விதம் அதுதான். போகிற சவாரி ஒருவருடையது, வருகிற சவாரி இன்னொருவருடையது. வெறும் காராக ஓட்ட மாட்டார்கள். ஒருவருக்குக் கை ஒழியவில்லை என்றால் சவாரியை இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார்கள். இதை எனக்கு அன்றைக்கே சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன், அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு தகப்பன் செய்ய வேண்டியது என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மீனா தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். கோட்டையைப் பற்றி அல்ல, லாட்ஜைப் பற்றியும் அல்ல. அங்கே சாப்பாடு நல்லா கிடைக்குமாப்பா என்று. இரண்டு வருடமாக ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று வெறுத்துப்போயிருந்தாள். ஆகவே அன்று சாயங்காலம் முழுக்க சாப்பாட்டுக் கடை தேடினேன். மெயின்ரோட்டில் இருந்த பெரிய ஓட்டலில் சாம்பார் இனித்தது. அதை விட்டுவிட்டேன். இன்னொரு கடையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்து எடுப்பார்கள், கடித்தால் நொறுங்கும். இங்கே துணியை மடித்துவைத்தது போல மெத்தென்று இருந்தது. குறை சொல்வதற்கில்லை, ஆனால் அதைப் பரோட்டா என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சரோஜா மெஸ் கண்ணில் பட்டது வாசனையால்தான். ஒரு தகரக் கூரை, நான்கு பெஞ்சு, வாசலில் புகையும் அடுப்பு. சரோஜா அடுப்புக்குப் பின்னால் நின்றபடியே கல்லாவையும் பார்த்துக்கொண்டார். இரவுக்கு இட்லியும் வடகறியும் இருந்தன. தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. நாங்கள் நிலக்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். தோலோடு வறுத்து, காய்ந்த மிளகாய் போட்டு, அம்மியில் அரைத்ததுபோல் கரகரவென்று இருந்தது. ஆறு இட்லி சாப்பிட்டேன். கிளம்பும்போது, நாளைக்குக் காலையில் என் மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், இதே சட்னி இருக்குமா என்று கேட்டேன்.

"எந்த நாடு சார்?"

"ஜெர்மனி."

"அங்க மல்லாட்ட கெடைக்காதா? பாவம். எடுத்து வெக்கிறேன், வரச் சொல்லு."

மறுநாள் விடிந்ததும் மீனா விமான நிலையத்திலிருந்து அழைத்தாள். அவளுடைய பழைய இந்திய எண் உயிர் விட்டிருந்தது. அங்கே கிடைத்த வைஃபையில்தான் பேசினாள். வெளியே வாசலில் நிற்கிறேன், யாரையும் காணோம் என்றாள். ஏழுமலையை அழைத்தேன். நானும் இங்கதான் சார் நிக்கிறேன், பாப்பாவத்தான் காணோம் என்றார். பயணிகள் வெளியே வரும் இடத்தில் கார் ரொம்ப நேரம் நிற்க முடியாது. பல மாடி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். அவர் மேலே மூன்றாவது மாடியில் லிஃப்ட் பக்கத்தில், அவள் கீழே லிஃப்ட் பக்கத்தில். இருவரும் லிஃப்ட் பக்கத்தில் என்றே சொன்னார்கள். அவர் இறங்க, அவள் ஏறினாள். சென்னையில் கூப்பிடு தூரத்தில் நின்ற இரண்டு பேரை, செஞ்சியில் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்துக்கு மேல் இதே பாடு. கடைசியில் செய்தி வந்தது. 'ஏறிட்டேம்ப்பா. வெள்ளைக் கார். தூக்கம் வருது.' மனைவிக்கு அதை அப்படியே அனுப்பினேன். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன். பிள்ளை வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று டீ மட்டும் குடித்தேன்.

பத்து இருபதுக்குக் கார் வந்தது. நான் முதலில் சொன்னதுதான்.

என் மகள் எங்கே என்று கேட்டேன். ஏழுமலை சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னா சார், இன்னும் வர்லியா? திண்டிவனத்துல வண்டி மாத்தி உட்டேன். சேகர் வண்டி. பின்னாடியேதான் வந்துக்கினு இருந்தான்."

எந்த சேகர், என்ன வண்டி, யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கும் அளவுக்கு ஏறியது. பெஞ்சில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். விமான நிலையத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிவருகிறவன் நடுவழியில் முன்பின் தெரியாத காரில் ஏற்றிவிடுவானா, போலீஸில் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அந்த ஒல்லிப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டதைக் கவனித்தேன். அவளுடைய அம்மா அவள் பக்கத்தில் குந்தி அணைத்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா பேசுங்க சார்," என்றார். "அதுக்கு சத்தம் ஆவாது."

நான் நிறுத்தினேன். அந்த அம்மாதான் பிறகு விஷயத்தைச் சொன்னார். செங்கல்பட்டுப் பக்கம் அவர்கள் ஊர். மகளுக்கு ஒரு வருடமாக மனசு சரியில்லை. டாக்டர் மருந்து ஒரு பக்கம், அங்காளம்மன் ஒரு பக்கம். ஒன்பது அமாவாசை விடாமல் வருகிறேன் என்று வேண்டுதல். இது எட்டாவது. நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் பேருந்தில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து ஏழுமலை காரில்தான் மலையனூர் போவார்கள். இந்த முறை விமான நிலையத்தில் தாமதமாகிவிட்டதால் ஏழுமலை தனக்குப் பதிலாகச் சேகரை அனுப்பியிருந்தார். மகள் சேகர் காரில் ஏறவில்லை. தெரியாத கார், தெரியாத முகம். ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் ஏழுமலை மீனாவோடு திண்டிவனத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். போன் வந்ததும் போய் நின்றார். உள்ளே தெரியாத ஆள் இருந்ததால் மகள் அதிலும் ஏறவில்லை.

"உங்க பொண்ணுதான் சார் எறங்குச்சு. நீங்க இதுல போங்க, நான் அதுல வர்றேன்னு அதுவே பெட்டிய எடுத்து அந்த வண்டில வெச்சிக்கிச்சு. நாங்க கேக்கல."

எனக்கு அது மீனாதான் என்று உடனே தெரிந்தது. அப்படித்தான் செய்வாள். கோபம் போய்விட்டது. பயம் அப்படியே இருந்தது. கோபம் இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றேன்.

சேகரின் எண்ணை ஏழுமலை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. வந்துருவான் சார், டிராபிக்கா இருக்கும் என்றார். சரோஜா அந்தப் பெண்ணுக்குக் காரமில்லாமல் இரண்டு இட்லியும் சர்க்கரையும் வைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் இங்கே நிறுத்தி அவள் அதைத்தான் சாப்பிடுவாளாம். சாப்பிட்டு முடித்ததும் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கிளம்பாமல் இருந்தால் மறுபடி இறங்கிவிடுவாள் என்று அவள் அம்மாவுக்குப் பதற்றம். ஏழுமலை என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். போங்க என்றேன். கிளம்பும்போது அந்த அம்மா என் எண்ணைக் கேட்டுத் தன் போனில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு செஞ்சியில் நான் பார்த்ததெல்லாம் வெள்ளைக் கார்கள். இந்த நாட்டில் இத்தனை வெள்ளைக் கார் எதற்கு என்று தெரியவில்லை. சாலைகள் பிரிகிற கூட்ரோடு வரை நடந்துபோய் நின்றேன். திண்டிவனத்திலிருந்து வரும் கார்களைப் போலீஸ்காரர் ஒருவர் ஊருக்குள் விடாமல் வெளிவழியாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் மஞ்சள் துணி, வேப்பிலை, எலுமிச்சை, தூங்கி வழியும் குழந்தைகள். சிறப்புப் பேருந்துகளில் படிக்கட்டு வரை ஆள். போலீஸ்காரரிடம் சொன்னேன். ஸ்டேஷனில் ஆள் குறைவு, எல்லாரும் மலையனூர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன வயசு என்றும் கேட்டார். வயதைச் சொன்னதும் கொஞ்சம் நிம்மதியானார். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

மனைவி அழைத்தாள். வந்துட்டாளா என்றாள். குளிக்கப் போயிருக்கிறாள் என்றேன். அரைமணி கழித்து மறுபடி அழைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்றேன். மூன்றாவது முறை தூங்குகிறாள் என்றேன். பொய்யில் என் மகள் குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் போயிருந்தாள். நிஜத்தில் எந்த ரோட்டில் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

மெஸ்ஸுக்குத் திரும்பி வந்தேன். மதியச் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. அமாவாசையானதால் கவுச்சி கிடையாது. வாழைக்காய், மொச்சைக் குழம்பு, ரசம். சரோஜா கேட்காமலேயே இலை போட்டார். வேண்டாம் என்றேன்.

"காலைலேர்ந்து டீயாவே குடிச்சிக்கினு இருக்கற. நீ மயக்கம் போட்டு உழுந்தன்னா அந்தப் பொண்ணு வந்து யாரத் தேடும்? ஒக்காரு சார்."

உட்கார்ந்தேன். மொச்சைக் குழம்பு மிக நன்றாக இருந்தது. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மகளைக் காணாமல் தவிக்கும்போது குழம்பின் ருசி எப்படித் தெரிந்தது என்று என் மனைவியும் பின்னால் கேட்டாள். தெரிந்தது. புளி கம்மியாக, பூண்டு முழுசு முழுசாக. பாதிக்கு மேல்தான் சாப்பிட முடியவில்லை. சரோஜா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அடுப்புப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தைத் தட்டால் மூடி வைத்திருந்தார். காலையில் மீனாவுக்காக எடுத்துவைத்த சட்னி.

இலையை எடுத்துப் போட்டுவிட்டு, எழுதிக் கொடுக்க ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். சந்து முனையைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. தெரியாத எண். மேள சத்தமும் உடுக்கைச் சத்தமும் கேட்டன. நடுவில் ஒரு குரல் விட்டு விட்டு வந்தது. செங்கல்பட்டு அம்மாவின் குரல்.

"சார், உங்க பொண்ணு இங்க கார்ல தூங்கிக்கினு இருக்குது. எழுப்பட்டுமா?"

சாலையில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவர் திட்டிவிட்டுப் போனார். எழுப்புங்க என்று நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அழைத்தால் கிடைக்கவில்லை. மெஸ்ஸுக்குத் திரும்பியதும், அமாவாசைக் கூட்டத்தில் மலையனூரில் போன் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு என்று சரோஜா சொன்னார். அந்த அம்மா கோபுரத்தை விட்டுத் தள்ளி வயல் வரப்பு வரைக்கும் நடந்துபோய் அந்த ஒரு அழைப்பைப் பேசியிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். சேகருக்குக் காலையில் சொன்னது மலையனூர் சவாரி. திண்டிவனத்தில் ஆள் மாறியது, ஆனால் போகிற ஊரும் மாறியதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏழுமலைக்கு அவசரம், அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றுவதிலேயே கவனம். மீனா பின் சீட்டில் ஏறிய உடனே தூங்கிவிட்டாள். அமாவாசையன்று திண்டிவனத்திலிருந்து மேற்கே போகிற காரில் இருப்பவரை எங்கே போகிறீர்கள் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். செஞ்சிக்கு வெளியே போலீஸ் திருப்பிவிட, சேகர் ஊரைத் தொடாமல் நேரே மலையனூர் போய், ஓட்டுநர்கள் வழக்கமாக நிறுத்தும் புளியந்தோப்பில் நிழல் பார்த்து நிறுத்தியிருக்கிறார். வெளிநாட்டுப் பிள்ளை அசந்து தூங்குகிறதே என்று எழுப்பாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவுப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஏழுமலையும் அதே தோப்பில்தான் நிறுத்துவார். ஆனால் கூட்டத்தில் ஊர்ந்து அவர் வந்து சேரவே மதியமாகிவிட்டது. சேகரின் காரை முதலில் கண்டது அந்த அம்மா.

இன்றைக்கும் எங்கள் தெருவில் வெள்ளைக் கார் ஏதாவது வேகம் குறைந்தால் என் கண் பின் கதவுக்குப் போகிறது. சேகர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் காரில் என் மகள் இருந்த அத்தனை நேரமும் பத்திரமாகத்தான் இருந்தாள். அது உடம்புக்குப் புரிய நாளாகிறது.

வெயில் சாயத் தொடங்கும்போது ஏழுமலையின் கார் மறுபடி சந்துக்குள் வந்தது. கோயில் வாசலில் அம்மனைக் கும்பிட்ட கையோடு, அந்த அம்மாவையும் பெண்ணையும் உள்ளே போகும் வரிசையில் நிற்கவைத்துவிட்டு வந்திருந்தார். வரிசை நகர ரொம்ப நேரமாகும், அதற்குள் திரும்பிவிடலாம் என்று சொன்னாராம். காரை விட்டு அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "கொண்டாந்துட்டேன் சார்," என்று மட்டும் சொன்னார். மூன்று முறை சொன்னார்.

பின் கதவு திறந்தது. மீனா இறங்கினாள். ஒரு கன்னத்தில் சீட்டின் தையல் தடம் பதிந்திருந்தது. நெற்றி நிறையக் குங்குமம். இரண்டு வருடத்தில் இளைத்திருந்தாள். ஏதேதோ சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன். அதற்குள் சரோஜா கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. இட்லி தீந்துபோச்சு, தோச ஊத்தறேன், சட்னி இருக்குது என்றார் உள்ளேயிருந்து.

மீனா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"அந்த அம்மா அம்மன்கிட்ட வச்சு வாங்கிக் குடுத்தாங்கப்பா. நான் பயப்படலையே, எனக்கு எதுக்குன்னு கேட்டேன். ஒனக்கு இல்லம்மா, ஒங்க அப்பாவுக்கு, தலமாட்டுல வெச்சிக்கினு படுக்கச் சொல்லுன்னாங்க."